புளியில் ஊறிய தோட்டா உறைகள்

1973 மே 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். காபி வடிகட்டியில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தேன். அந்த வாரம் படிக்கட்டு பெருக்கும் முறை எங்களுடையது. எங்கள் கட்டடத்தில் முறை வந்த வீட்டின் கதவுக் குமிழில் ஒரு மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் மேல்மாடியிலிருந்து தெருவாசல் வரை பெருக்கித் துடைத்துவிட்டு, பலகையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். ரொம்பச் சீக்கிரம் பெருக்கினால் சத்தம் என்று புகார் வரும், தாமதித்தால் சோம்பல் என்று பேச்சு வரும். எட்டு மணிக்குத் தொடங்கினேன். அது யாருக்கும் வாய் திறக்க இடம் கொடுக்காத நேரம். பிறகு கடை மூடுவதற்குள் போய் ரொட்டி, பால், ஆறு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய எலுமிச்சைச் சாதம் கிளறினேன். அதோடு வீட்டு வேலை முடிந்தது. சமையல் மேசையைத் துடைத்து, மேலே செய்தித்தாள் விரித்து, என் தோட்டாக்களை வரிசையாக நிற்கவைத்துக் கடைசி முறையாக எண்ணினேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கணவர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சியாளர். எனக்கு ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை. உடைந்த உலோகத் துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பேன். கணவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதால், இந்த ஊர் வழக்கப்படி பக்கத்து வீடுகளில் என்னையும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் எதையும் பாஸ் பண்ணவில்லை என்று இரண்டு வருடம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் கீழ்வீட்டுக்காரர் வழியாக வந்தது. தையல் இயந்திரத் தொழிற்சாலையில் கருவிகள் செய்துகொண்டிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அவசரமாகச் செய்து, உரக்கப் பேசி, நடுவிலேயே வெற்றி என்று அறிவித்துவிடும் மனிதர். ஒருநாள் தன் துப்பாக்கியின் உடைந்த பாகம் ஒன்றைக் கொண்டுவந்து, இது ஏன் உடைந்தது என்று கேட்டார். பாகத்தோடு சுட்டுத் தீர்ந்த தோட்டா உறை ஒன்றும் பைக்குள் கிடந்தது. பாகத்தைப் பற்றி நான் சொன்னது இரண்டு வரி. உறையை ஒரு வாரம் திருப்பித் தரவில்லை.

எனக்குச் சுடுவதில் அப்போது ஆசை இல்லை. அந்தப் பித்தளை மேல்தான் ஆசை. மருந்து வெடிக்கும் கணத்தில் அந்த உறை விரிந்து தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. வேலை முடிந்ததும் மயிரிழை சுருங்கி, தொட்டால் வெளியே வந்துவிடுகிறது. இவ்வளவு சமர்த்தான உலோகத் துண்டை நான் சோதனைக்கூடத்தில் பார்த்ததில்லை. அங்கே வருவதெல்லாம் தோற்றுப்போன உலோகங்கள்.

அடுத்த வருடம் நான் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர். அதற்கடுத்த வருடம் நாங்கள் இருவரும் வைல்ட்கேட் பித்துப் பிடித்து அலைந்தோம். எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்தக் கடையிலும் கிடைக்காத, பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களே வடிவம் யோசித்துச் செய்துகொள்ளும் தோட்டாவுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. காட்டுப் பூனை. எங்களுடைய பூனை, ஒரு பழைய ராணுவத் தோட்டாவின் உறையை, குண்டைப் பிடிக்கும் கழுத்தில் ஒடுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளைச் சற்றுப் பின்தள்ளிச் செய்தது. அச்சுகளை அவர் கீழ்த்தளத்துக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தார். நான் அளந்தேன். தப்பு என்பேன். டாக்டரம்மா, இது துப்பாக்கி, கைக்கடிகாரம் இல்லை என்பார். பிறகு திரும்பக் கடைவார். துப்பாக்கியின் அறையையும் புது அளவுக்கு அவரே குடைந்தார். அதை அரசாங்கச் சோதனை நிலையத்துக்கு அனுப்பினோம். அவர்கள் வேண்டுமென்றே அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்குகிறது என்று முத்திரை குத்தி மார்ச் மாதம் திருப்பி அனுப்பினார்கள். மருந்து எவ்வளவு போட்டோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த அளவு அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் உரியது.

பனிக்காலம் முழுக்க நாற்பது உறைகள் செய்தோம். கழுத்தை ஒடுக்கினால் பித்தளை முறுக்கேறிவிடும். தீயில் காட்டி இளக்க வேண்டும். இளக்கினால் கறுத்துவிடும். கறுத்த பித்தளையை எப்படி வெளுக்க வைப்பது என்று என்னிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியில் ஊரிலிருந்து வந்த புளி ஒரு கட்டி இருந்தது. ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அதில் முக்கால்வாசியைக் கரைத்து, நாற்பது உறைகளையும் உள்ளே போட்டேன். கால்மணி நேரத்தில் எடுத்துவிடுவதாகத் திட்டம்.

அந்தச் சமயம் பார்த்துக் கணவர் தமிழ் மாணவர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார். பல மாதமாக ரசம் காணாத பிள்ளைகள். நான் சாதம் வடித்துக்கொண்டிருக்க, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் புளித்தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக் கையை விட்டார்.

“இங்க பாரு, ரசத்துக்குக் கரைக்கலாம்னு கைய விட்டா உள்ள தோட்டாவாத் தட்டுப்படுது. இது ரசமா, ராணுவமா?”

அந்தப் பையன்கள் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. பாத்திரம் அலமாரியின் உச்சிக்குப் போனது. ரசம் எலுமிச்சையில் வைத்தேன். பிள்ளைகள் கடைசி டிராமில்தான் போனார்கள். உறைகள் ஞாபகம் எனக்கு மறுநாள் மதியம் வந்தது.

எடுத்தபோது தங்கமாகப் பளபளத்தன. ஆனால் தோள்பக்கத்தில் ரோஜா நிறம். அமிலம் மேல்தோலிலிருந்து துத்தநாகத்தை இழுத்துவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். புளியின் வீரியம், ஊறிய நேரம், இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டேன். தோல்தான், ஆழம் இல்லை என்று விடை வந்தது. பத்து உறைகளில் மருந்து நிரப்பி, குண்டு பொருத்தினேன்.

மே 12 எங்களுக்குக் கடைசி நாள். மறுநாள் ஞாயிறு, அன்னையர் தினம் என்று சுடுதளம் பூட்டியிருக்கும். திங்கள் முதல் குண்டுகள் புதையும் மண்மேட்டைத் திருத்தப்போவதால் இலையுதிர் காலம் வரை தளமே கிடையாது. சுடுதளத்தில் சொந்தமாக நிரப்பிய தோட்டா எதையும் பொறுப்பாளர் பார்த்து ஏற்றால்தான் சுடலாம். ஏற்காதவை அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து அழிக்கப் போகும். ஆக, எங்கள் பனிக்காலம் முழுதும் அந்த மனிதரின் பூதக்கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

மதியம் இரண்டுக்குக் கீழ்வீட்டுக்காரரின் சின்னக் காரில் புறப்பட்டோம். முன்னால் அவரும் மடியில் சாதப் பாத்திரத்தோடு என் கணவரும். பின்னால் நானும் துப்பாக்கிப் பெட்டியும் தோட்டாக்களும் நிரப்பாத மீதி உறைகளும். புதுத் தோட்டாவின் முதல் நாளில் செய்தவர் சங்கத்துக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு பழக்கம். புளிச்சாதம் செய்வதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஏன் எலுமிச்சையானது என்பதைக் கணவர் வழி நெடுகக் கீழ்வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். கார் ஓட்டுகிறவர் சிரித்துச் சிரித்து ஒரு திருப்பத்தையே தவறவிட்டார்.

பொறுப்பாளர் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டையான, இஸ்திரி போட்ட மனிதர். என் தோட்டா ஒன்றை எடுத்து, கண்ணாடியில் பார்த்து, மெல்லக் கீழே வைத்தார்.

“இது என்ன நிறம்?”

பித்தளை என்றேன்.

“பித்தளை மஞ்சள். இது பன்றிக்குட்டி நிறம்.”

நான் துத்தநாகத்தையும் செம்பையும் விளக்கினேன். தோல் மட்டும்தான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதைக் கணக்கிட்டீர்களா, பார்த்தீர்களா என்று கேட்டார். கணக்கிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். வரைபடத்தில் ஓடும் ஓடை நிலத்தில் ஓடாமல் இருப்பதைத் தன் கண்ணால் கண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியைக் காலால் முன்னே இழுத்தார். மூடி திறந்தது. உள்ளே யாருடைய ஏமாற்றங்களோ நாலைந்து கிடந்தன.

கீழ்வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டார். “பார்க்கணும், அவ்வளவுதானே? டாக்டரம்மா கூடம் இங்கேருந்து கால்மணி நேரம். நீங்களும் வாங்க. உங்க கண்ணாலேயே பாருங்க.”

பொறுப்பாளர் யோசித்தார். சுடுவதை மேற்பார்க்கத் துணைப் பொறுப்பாளர் இருந்தார். ஆனால் தோட்டாவை ஏற்பது இவர் மட்டுமே செய்யக்கூடியது. ஆறு மணிக்கு மேல் ஒரு வெடிச்சத்தமும் கூடாது என்று பக்கத்துக் குடியிருப்போடு ஒப்பந்தம். மணி மூன்று. காலியாக இருந்த முப்பது உறைகளைக் கொட்டச் சொல்லி, அதில் ஆகச் சிவந்த ஒன்றைத் தானே பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றதை நான் வைத்துக்கொள்ளலாம், இதைத்தான் அறுக்க வேண்டும் என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. சோதனைத் துண்டை அப்படித்தான் பொறுக்க வேண்டும்.

சாதத்தைச் சங்கத்தில் விட்டுவிட்டு நால்வரும் காரில் அடைந்துகொண்டோம். பொறுப்பாளரின் முழங்கால்கள் அவர் காதுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. கூடத்தின் காவலாளி, சனிக்கிழமை மதியத்தில் புடவையும் அரைக்கோட்டும் அணிந்த நான் மூன்று ஆண்களோடு வருவதைப் பார்த்து, உலை ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டார். இல்லை, ஒரு தோட்டாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கையெழுத்துப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அதன்பின் எல்லாம் என் ராஜ்யம். உறையை நெடுக்காக அறுத்தேன். ஒரு பாதியைப் பிசினில் பதித்தேன். உப்புத்தாளில் தேய்த்து, சுழலும் துணியில் மெருகேற்றி, அரிப்பு நீரில் சில நொடி காட்டிக் கழுவினேன். வழக்கமாக இந்த வேலையை நான் பாடிக்கொண்டே செய்வேன். அன்று பாட்டு வரவில்லை. ரோஜா நிறம் தோலில் நின்றிருந்தால் நாற்பதும் பிழைக்கும். சுவருக்குள் இறங்கியிருந்தால் நாற்பதும் போயிற்று. நாங்கள் இளக்கியது, ஒடுக்கியது, சண்டை போட்டது எல்லாம் பெட்டிக்குள்.

நான் முதலில் பார்க்கவில்லை. விளக்கைச் சரிசெய்து, பொறுப்பாளரை உட்காரச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து, குனிந்தார்.

விளிம்பில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். எவ்வளவு தடிமன்? பார்வைக்குள் இருக்கும் அளவுகோலை எப்படிப் படிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று இடத்தில் அளந்தார். பிறகு சுவரின் மொத்தத் தடிமனை அளந்தார். நகத்தின் மேல் பூசிய மருதாணி அளவுகூட இல்லை என்பது எனக்கு அவர் சொன்ன எண்களிலிருந்து புரிந்தது. என் கணக்கைவிடவும் குறைவு.

“தோல்தான்,” என்றார், தலையை நிமிர்த்தாமலே. “ஏற்கிறேன்.”

கீழ்வீட்டுக்காரர் என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவர் எதற்கும் சம்பந்தமில்லாதவர், ஆனாலும் நன்றாகக் குலுக்கிக்கொடுத்தார். மணி நாலரை தாண்டியிருந்தது. போகலாம் என்றேன்.

பொறுப்பாளர் எழுந்திருக்கவில்லை.

பித்தளையை அரித்துப் பார்த்தால் அதன் படிகப் பரல்கள் தெரியும். ஒவ்வொரு பரலும் ஒவ்வொரு நிறச்சாயலில், நேர்க்கோட்டு எல்லைகளோடு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகாயத்திலிருந்து பார்த்த வயல்கள் மாதிரி. முப்பத்தைந்து வருடம் வயல்களை அளந்தவர், இருபத்தோராயிரம் வயல்கள் ஒரு தோட்டாவின் கழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டார். எண்ணிக்கை என்னுடையதல்ல, அவர் அங்கேயே குத்துமதிப்பாகப் போட்டது. நுண்ணோக்கியின் மேடையை நகர்த்தும் திருகை நான் காட்டிக்கொடுத்திருக்கக் கூடாது. ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டு கழுத்திலிருந்து தோளுக்கு நடக்கத் தொடங்கினார்.

“இந்தத் துண்டுக்கு வழியே இல்லை,” என்றார் கவலையோடு. “நாலு பக்கமும் அடுத்தவர் நிலம்.”

கணவர் என் காதருகே குனிந்தார். “பேசாம அவருக்குப் பட்டா போட்டுக் குடுத்துரு. இல்லன்னா வரமாட்டாரு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன். கீழ்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. பட்டா என்றால் என்னவென்றும் தெரியாது. ஆனாலும் எங்களைப் பார்த்துத் தொற்றிக்கொண்டு, பிசின் அடுப்பின் பின்னால் போய்க் குலுங்கினார். மூன்று பெரியவர்கள் வகுப்பறைப் பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்தால் வெடித்துவிடும். பொறுப்பாளர் இதொன்றும் அறியாமல், இந்த எல்லையை யார் இவ்வளவு நேராகப் போட்டது என்று கேட்டார். தீயில் இளக்கியபோது தானாக உண்டானது என்றேன். யாரிடமும் அனுமதி கேட்காமலா என்றார். அது நகைச்சுவை என்பது எனக்கு அரைநிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அந்த மனிதர் இத்தனை நாளில் முதல்முறையாக எனக்குத் தெரிய ஒரு ஜோக் அடித்திருக்கிறார், அதுவும் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தேகால் ஆனது. மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் மரியாதை இல்லாமலும் சொல்லிப் பார்த்தார். இன்னும் இந்தத் தோள் மட்டும் என்றார் பொறுப்பாளர். கடைசியில் நான் விளக்கை அணைத்தேன். சினிமாவில் ரீல் அறுந்தவர் மாதிரி நிமிர்ந்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது உண்மையான திகில். தன் வாழ்நாளில் எங்கும் தாமதமாகப் போனதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.

காரில் அவர்தான் அவசரப்படுத்தினார், அவர்தான் வேகவரம்பையும் காத்தார். கீழ்வீட்டுக்காரர் சற்று அழுத்தினால் ஐம்பது என்பார். தளர்த்தினால் ஆறு மணி என்பார். நான் பின்னிருக்கையில் பத்துத் தோட்டா இருந்த பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அதே சமயம், இன்று சுடாவிட்டால் இது வேலை செய்கிறதா என்று தெரியாமல் கோடைக்காலம் முழுதும் எப்படித் தூங்குவேன் என்றும் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஆறுக்குப் பத்து. விதிகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. மற்றவர்கள் துப்பாக்கிகளைக் காலிசெய்து கீழே வைக்கும் வரை காத்தார். கொடியை மாற்றினார். என் இலக்குத் தாளை நூறு மீட்டர் தள்ளி மாட்டத் தானே நடந்தார், தன் அளவையாளர் நடையில், ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில். திரும்பியும் அப்படியே நடந்தார். கீழ்வீட்டுக்காரர் பக்கத்துத் தூணை மென்மையாக நெற்றியால் முட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கியை அவர் என்னிடம் கொடுத்தார். முதல் குண்டு யார் சுடுவது என்று பனிக்காலம் முழுக்க வாதாடியவர், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். காதுகளை மூடிக்கொண்டேன். முதல் தோட்டாவை வைத்துத் தாழ்ப்பாளை அடைத்தேன். அது போன விதம் எனக்குப் பிடித்தது; இறுகவும் இல்லை, ஆடவும் இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். தோள் பின்னால் போனது. சத்தம் கூரைத் தகரத்தில் ஓடிப்போய்த் திரும்பியது.

அதன் வால் அடங்கும் முன் பொறுப்பாளர் மணியை அடித்தார். ஆறு.

தாழ்ப்பாளை நானே மெதுவாகப் பின்னிழுத்தேன். ஒட்டவில்லை. உறை சுடச்சுட என் உள்ளங்கையில் விழுந்தது. கழுத்து கறுத்திருந்தது. கீறல் இல்லை, பிளவு இல்லை, பின்புறம் தட்டையாகவே இருந்தது. விரிந்து, அடைத்து, சுருங்கி, வந்துவிட்டது. நான் எழுந்து நின்று கீழ்வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் கைகுலுக்கலைத் தாண்டி எதுவும் நடந்ததில்லை. அவர் பதிலுக்கு என்னைத் தூக்கிவிட்டார். கணவர் ஐயையோ, இடுப்பு, இடுப்பு என்று பின்னாலேயே ஓடிவந்தார். யாருடைய இடுப்புக்காகப் பதறினார் என்று தெரியவில்லை.

இலக்குத் தாள் வந்தது. ஒரே ஓட்டை. அதுவும் கறுப்பு வட்டத்தில் இல்லை, வளையங்களிலும் இல்லை. கீழே இடதுமூலையில், தாள் முடிய இன்னும் இரண்டு விரல் தூரமே மிச்சமிருந்த இடத்தில். புது அறைக்கு நாங்கள் குறிக்கண்ணைச் சரிப்படுத்தியிருக்கவில்லை. சங்கத்தார் தாளைச் சுற்றிக் கூடினார்கள். ஐந்து குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதில்தான் ஒரு தோட்டாவின் பெருமை.

“எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைல,” என்றார் கணவர். “உலக சாதனைன்னு சொல்லு.”

அதை நான் ஜெர்மனில் சொன்னேன். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. ஒரு குண்டு ஒரு தொகுதியாகாது, மீதி ஒன்பது செப்டம்பரில் என்று சொல்லி, தாளின் ஓரத்தில் தேதி, நேரம், ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரும்புப் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். பிறகு என்னைச் சற்று ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த அரைத் துண்டைப் பத்திரமாக வைத்திருப்பேனா, தோளுக்குக் கீழே தான் இன்னும் போகவில்லை என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மாலை வரச் சொன்னேன்.

எலுமிச்சைச் சாதம் ஒரு பருக்கை மிச்சமில்லை. நாங்கள் கூடத்தில் இருந்த நேரத்தில் முடித்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்துக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். நால்வரும் பட்டினி. திரும்பும் வழியில் ஒரு நிறுத்தத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் காருக்குள்ளேயே தின்றோம். கீழ்வீட்டுக்காரர் வறுவலைப் பாதி மென்றபடியே அடுத்த தோட்டாவுக்கு வடிவம் சொல்லத் தொடங்கினார். முதலில் இதை முடியுங்கள் என்றேன். வறுவலையா, தோட்டாவையா என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. விழித்ததும், காபிக்கும் முன்னால், சுட்ட அந்த ஒரே உறையை எடுத்தேன். வெளியில் நன்றாக இருக்கும் உறையில், உள்ளே அடிப்பக்கமாக ஒரு மெல்லிய பளிச்சென்ற வளையம் விழுந்திருந்தால், அடுத்த முறை அது இரண்டாகப் பிரியும் என்று அர்த்தம். அதை அறுத்துத்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பதால், குளியலறைக் கதவைச் சாத்தி, உறையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நகை செய்பவர்களின் மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். பிளந்த இரண்டு பாதிகளையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வளையம் இல்லை. அதன்பிறகு பல் தேய்த்தேன்.